பெட்டைக் குட்டிக்கு என்ன பேர் வைக்கலாம்?

‘நாய்க்குப் பேர் வைப்பதைப் பற்றி ஒரு சித்த வைத்தியர் எழுத என்ன இருக்கிறது?’ என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தையின் ஆரோக்கியமும் இதில் அடங்கியிருக்கிறது.

திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது எங்கள் பள்ளிப்பட்டு. மூட்டு வலி, மூச்சிரைப்பு, சர்க்கரை என்று என்னிடம் வருகிறவர்கள் நாடி காட்டி, சூரணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டும்போதுதான் மனதில் உள்ள சந்தேகத்தைக் கேட்பார்கள். “சார், பையன் ஒரு நாய்க்குட்டி தூக்கினு வந்துட்டான். பொட்டக்குட்டி. இன்னா பேரு வெக்கலாம்?” என்பது அப்படி அடிக்கடி வருகிற கேள்விகளில் ஒன்று.

ஒன்றைக் கவனியுங்கள். ஆண் குட்டி வந்தால் இந்தக் கேள்வி வருவதே இல்லை! அது வாசற்படி ஏறுவதற்கு முன்பே பெயர் தயார். மணி, ராஜா, டைகர், ஜிம்மி... நாலில் ஒன்று. பெட்டைக் குட்டி என்றால் மட்டும் வீட்டில் ஒரு தயக்கம். “பாத்துட்டு வெக்கலாம்” என்பார்கள். எதைப் பார்த்துவிட்டு? வைத்துக்கொள்வதா, கொண்டுபோய் விட்டுவிடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அதுவரைக்கும் அந்தக் குட்டிக்குப் பெயர், ‘அது’. “அதுக்குச் சோறு போட்டியா?” “அதைக் கட்டிப் போடு.”

இந்த ‘அது’வில்தான் வியாதி ஆரம்பிக்கிறது.

‘அது’ எங்கே போகிறது?

பெட்டைக் குட்டிக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் முதல் பருவம் வரும். இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். அந்த நாட்களில் வாசலில் ரத்தத் துளி, தெருவில் பத்து ஆண் நாய்கள், ராத்திரி முழுக்க ஊளை, சண்டை. அக்கம்பக்கத்தில் முகம் சுளிப்பார்கள். “இதுக்குத்தான் பொட்ட நாய் வேணாம்னு சொன்னேன்” என்று வீட்டுப் பெரியவர் ஆரம்பிப்பார். ஒரு நாள் சாக்குப் பையில் கட்டி, சந்தைப் பக்கமோ, பஸ் நிலையத்துப் பக்கமோ, ஆற்றோரமோ கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பெயர் வைத்துக் கூப்பிட்ட ஒன்றை அவ்வளவு சுலபமாகச் சாக்கில் கட்ட மனசு வராது. ‘அது’வைக் கட்டலாம்.

விட்டுவிட்டு வந்தால் முடிந்துவிட்டதா? இல்லை. ஏறக்குறைய 63 நாளில் அது குட்டி போடும். நாலோ, ஆறோ. அதில் ஆண் குட்டிகளை யாராவது தூக்கிப் போவார்கள். பெட்டைகள் தெருவிலேயே நிற்கும். ஒரு வருஷத்துக்குள் அவையும் தாயாகும். ஊசி போடாத, யாருக்கும் சொந்தமில்லாத நாய்க்கூட்டம் இப்படித்தான் பெருகுகிறது. அந்தக் குட்டிகளோடு விளையாடப் போவது யார்? பள்ளிக்கூடம் விட்டு வரும் உங்கள் பிள்ளையும், என் பேரப்பிள்ளையும்தான்!

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி வெறிநாய்க்கடி நோயால், அதாவது ரேபீஸால், உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் இந்தியாவில். இறப்பவர்களில் பத்துக்கு நாலு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். மனிதனுக்கு இந்த நோய் வருவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால்தான். நாய்களில் பத்துக்கு ஏழுக்கு ஒழுங்காகத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது.

இங்கே சித்த வைத்தியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு ‘நஞ்சு நூலும் மருத்துவ நீதி நூலும்’ என்று ஒரு பாடமே உண்டு. அதைப் படித்தவன் சொல்கிறேன். நாய் கடித்தால், நகத்தால் கீறினால், புண்ணில் நக்கினால் பச்சிலை தேடி என்னிடம் வராதீர்கள். சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைத்துக் கட்டாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கடி ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள், அதையும் மறுக்காதீர்கள். தொப்புளைச் சுற்றிப் போடும் அந்தப் பழைய பதினாலு ஊசி இப்போது கிடையாது. அதை நிறுத்தி இருபது வருஷம் ஆகிறது. கையில்தான் போடுகிறார்கள், நாலைந்து தடவையோடு முடிந்துவிடும். நோய்க்குறி தெரிந்த பிறகு எந்த வைத்தியமும் காப்பாற்றாது, என் வைத்தியம் உட்பட.

கடித்த பின் ஓடுவதைவிட, கடிக்கிற வாய்க்கு முன்கூட்டியே ஊசி போட்டுவிடுவது மேல் அல்லவா? அங்கேதான் பெயர் வருகிறது.

கால்நடை மருந்தகத்தில் நாய்க்கு ஊசி போட்டால் ஒரு அட்டை தருவார்கள். அதில் பெயர், நிறம், ஆணா பெண்ணா, பிறந்த மாதம், ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி எல்லாம் எழுதக் கட்டம் இருக்கும். ‘பெயர்’ என்ற கட்டத்தில் ‘அது’ என்று எழுத முடியாது! எங்கள் பக்கத்தில் நான் பார்த்த வரையில், பெயர் வைத்த வீட்டில் அட்டை இருக்கிறது. அடுத்த தேதியும் ஞாபகம் இருக்கிறது. பெயர் இல்லாத வீட்டில் அட்டை இல்லை. பெயர் வைத்தால் ஊசி போட்டதாகிவிடாதுதான். ஆனால் பெயர் வைத்தவர்தான் ஊசி போடக் கிளம்புகிறார்.

முன்னோர்கள் வைத்த பெயர்கள்

பெட்டை நாய் என்றால் ஏதோ மட்டமான சங்கதி என்று நினைப்பது நம் பழைய வழக்கமே அல்ல. தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஒரு பகுதி உண்டு. எந்த மிருகத்தின் பெண்ணை என்ன பெயரால் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அதில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். பெண் நாய்க்கு அங்கே ‘பிணவு’ என்று பெயர். நாய்க்குட்டிக்குக் ‘குருளை’. புலிக்குட்டிக்கும் அதே பெயர்தான்! உங்கள் வீட்டுத் திண்ணையில் சுருண்டு படுத்திருப்பது ஒரு குருளை.

வேதத்தில் இந்திரனின் நாய்க்கு சரமை என்று பெயர். பெண் நாய்தான். திருடு போன பசுக்களைத் தேடிக் கண்டுபிடித்தவள் அவள். மகாபாரதத்தின் ஆரம்பத்திலேயே ஒரு சம்பவம் வரும். தவறு ஒன்றும் செய்யாத சரமையின் குட்டியை ஜனமேஜயனின் தம்பிகள் அடித்துவிடுகிறார்கள். அவள் நேராகப் போய் ராஜாவிடம் நியாயம் கேட்டுச் சாபமும் கொடுக்கிறாள். வடமொழியில் நாய்க்கு ‘சாரமேயன்’ என்று ஒரு பெயர் உண்டு. சரமையின் பிள்ளை என்று பொருள். நாய் இனம் முழுவதற்கும் இனிஷியல் தாயுடையது!

கல்லில் பெயர் வெட்டப்பட்ட நாயும் தமிழ்நாட்டில் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து, அதாவது 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் இருக்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி, ‘கோவிவன்’ என்று அதன் பெயரையும், அது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெயர் அழியவில்லை. பெட்டை நாய்க்கு அப்படி ஒரு கல்லை நான் இதுவரை பார்த்ததில்லை. இருந்தால் வாசகர்கள் எழுதுங்கள், போய்ப் பார்க்க ஆசை.

நம்முடைய தென்பாண்டிச் சீமையில் வேட்டை நாய் இனம் ஒன்றுக்குப் பெயரே ‘கன்னி’. வேடிக்கை என்னவென்றால், அந்த இனத்தில் ஆண் நாயும் கன்னிதான்.

எத்தனை எழுத்து இருக்கலாம்?

இனி பெயர் தேர்ந்தெடுக்கும் விதத்துக்கு வருவோம். கிரேக்க நாட்டு செனபோன் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வேட்டை பற்றி ஒரு நூல் எழுதினார். நாய்க்குப் பெயர் சுருக்கமாக இருக்க வேண்டும், கூப்பிடச் சுலபமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்களை வரிசையாகத் தருகிறார். ரோம் நாட்டில் முதல் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதிய கொலுமெல்லா இன்னும் நுணுக்கமானவர். பெயர் ரொம்ப நீளமாக இருந்தால் நாய் உடனே திரும்பாது, ஆனால் இரண்டு அசைக்குக் குறையவும் கூடாது என்கிறார். எனக்குப் பிடித்தது என்னவென்றால், பெட்டை நாய்க்கென்று அவர் தனியாகப் பெயர் சொல்கிறார். லூபா, செர்வா, டைக்ரிஸ். அதாவது பெண் ஓநாய், பெண் மான், புலி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஒரு விவசாயி தன் பெட்டை நாயைப் ‘புலி’ என்று கூப்பிட்டிருக்கிறார். நாம் ‘அது’ என்கிறோம்.

இரண்டு அசை என்ற கணக்கு இன்றைக்கும் சரிதான். ஒரே அசையில் ‘பூ’ என்றோ ‘ஜோ’ என்றோ வைத்தால், நாம் போடுகிற மற்ற சத்தங்களில் அது கலந்துபோகும். ‘அபரஞ்சிதவல்லி’ என்று வைத்தால் நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் நாய் கறிக்கடைக்குப் போய்விடும்.

அடுத்தது, பெயரின் கடைசி எழுத்து. நம் தமிழ் இலக்கணத்தில் விளி என்று ஒரு வேற்றுமை உண்டு, பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எட்டாம் வேற்றுமை. இகரத்தில் முடிகிற பெயரைக் கூப்பிடும்போது அது ஈகாரமாக நீளும் என்பது விதி. ‘மணி’ என்பது ‘மணீ...’ ஆகிறது. நாய்க்குப் பெயர் வைக்க இதைவிட நல்ல இலக்கணம் வேண்டாம். வாசலில் நின்று கூப்பிட்டால் தெருக்கோடி வரை போகிற ஓசை அது. நம் காது வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். நாயின் காதுக்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். உயர்ந்த சுருதி அதற்கு நன்றாகவே எட்டும். ஆகவே செல்வி, சிட்டி, கருப்பி, புள்ளி, மின்னி, வெள்ளச்சி என்று இகரத்தில் முடிகிற பெயர்களாகப் பாருங்கள். க, ச, ட, ப போன்ற வல்லெழுத்து நடுவில் அழுத்தமாக விழுந்தால் இன்னும் நல்லது.

மற்ற வார்த்தையோடு குழம்பக் கூடாது என்பதையும் கவனியுங்கள். ‘நில்’ என்று பழக்கப்போகிற நாய்க்கு ‘நிலா’ என்று பெயர் வைத்தால் பாவம், அது நிற்குமா, வருமா? ‘வா’, ‘போ’, ‘வேணாம்’ இந்த மூன்றுக்கும் கிட்டத்தில் வருகிற பெயர் எதுவும் வேண்டாம். வீட்டுப் பிள்ளைகளின் செல்லப் பெயரோடும் ஒத்துப்போகக் கூடாது. பாப்பாவைக் கூப்பிட்டால் நாய் வரும், நாயைக் கூப்பிட்டால் பாப்பா வரும்!

எல்லையோரத்து ஊரில் கூடுதல் வேலை

எங்கள் பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1960 வரைக்கும் இந்தப் பகுதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த வருஷம்தான் எல்லை மாறி நம் பக்கம் வந்தது. இன்றைக்கும் ஒரே தெருவில் இந்த வீட்டில் தமிழ், அந்த வீட்டில் தெலுங்கு. பல வீடுகளில் மாமியார் தெலுங்கு, மருமகள் தமிழ். நாய் இரண்டையும் கேட்டுத்தான் வளர வேண்டும். ‘போ’ என்பது இரண்டு பாஷைக்கும் ஒன்று. ‘வா’வுக்கு அவர்கள் ‘ரா’ என்பார்கள். அதனால் ‘ராணி’ என்ற பெயர் எங்கள் ஊரில் நன்றாகவே வேலை செய்யும். பாதி பெயர் சொன்னதுமே நாய் கிளம்பிவிடும்!

‘நல்லி’ என்று ஒருவர் வைத்தார். தமிழில் நல்லி எலும்பு, நாய்க்கு ஏற்ற பெயர்தான். எதிர்வீட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தெலுங்கில் நல்லி என்றால் மூட்டைப்பூச்சி. ஆனால் ‘நல்ல’ என்றால் தெலுங்கில் கருப்பு. கருப்புக் குட்டிக்கு ‘நல்லம்மா’ என்று வைத்தால் இவர்களுக்கு நல்லவள், அவர்களுக்குக் கருப்பி. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ள குட்டிக்கு இங்கே சிலர் ‘சுக்கி’ என்று வைப்பதுண்டு. தெலுங்கில் ‘சுக்க’ என்றால் நட்சத்திரம், புள்ளி. தமிழ்க் காதுக்கு அது சுக்கு மாதிரிக் கேட்கும். சுக்குக்கு மிஞ்சிய மருந்து உண்டா? எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும்.

சாமி பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பைரவருக்கு வாகனமே நாய்தான் என்று ‘பைரவி’ என வைக்கிறார்கள். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ‘வள்ளி’ வேண்டாம். பக்தி விஷயமாகச் சொல்லவில்லை. திருத்தணி முருகன் பார்வையில் இருக்கிற ஊர் இது, தெருவுக்கு நாலு வள்ளி இருப்பார்கள். “ஏய் வள்ளி, குப்பையைக் கிளறாதே!” என்று நீங்கள் கத்தினால் அன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் பஞ்சாயத்துதான். பக்கத்து வீட்டில் இருக்கிற பெயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பெயரை எப்படிப் பழக்குவது?

முதலில் வீட்டில் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். அப்பா ‘ரோசி’, பாட்டி ‘ஏ குட்டி’, பையன் ‘ரோஸ் மில்க்’ என்று ஆளுக்கு ஒன்றாகக் கூப்பிட்டால் அது எதற்கும் திரும்பாது. சோறு வைக்கும்போது, தடவிக் கொடுக்கும்போது, வெளியே கூட்டிப்போகும்போது பெயரைச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த உடனே ஒரு துண்டு இட்லியோ, பொரையோ கையில் இருக்கட்டும். அடிக்கும்போது, திட்டும்போது, குளிக்க இழுத்துப்போகும்போது பெயரைச் சொல்லாதீர்கள். பெயர் கேட்டால் நல்லது நடக்கும் என்று அதற்குப் பதிய வேண்டும். பெரும்பாலான குட்டிகள் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

நாய்க்குப் பெயர் புரியுமா, வெறும் சத்தம்தானே என்று கேட்கலாம். 2019-ல் அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சுற்றிலும் ஆட்கள் பேசும் சத்தத்தை ஓடவிட்டு, நடுவில் நாயின் பெயரையும், அதே ஓசை நயமுள்ள வேறு பெயரையும் சொன்னார்கள். பேச்சுச் சத்தமும் பெயரும் ஒரே அளவில் இருந்தபோதுகூட நாய் தன் பெயரைத் தனியாக அடையாளம் கண்டுகொண்டது. சந்தை இரைச்சலிலும் உங்கள் சுக்கிக்குத் தன் பெயர் கேட்கும். ‘சேசர்’ என்ற இன்னொரு அமெரிக்க நாய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்து வந்தது. 2011-ல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. சேசரும் பெட்டை நாய்தான், அதையும் சொல்லிவைக்கிறேன்.

தெருவிலிருந்து எடுத்து வந்த வளர்ந்த நாய்க்குப் புதுப் பெயர் வைக்கலாமா? தாராளமாக. விண்வெளிக்குப் போன லைக்காவை எல்லோருக்கும் தெரியும். மாஸ்கோ தெருவில் பிடித்த பெட்டை நாய் அவள். முதலில் வைத்த பெயர் ‘குத்ரியாவ்கா’, சுருட்டை முடிக்காரி என்று அர்த்தம். பிறகு ‘லைக்கா’ ஆனாள். குரைப்பவள் என்று பொருள். 1957 நவம்பர் 3-ஆம் தேதி அவளை ஏற்றிவிட்டபோது திரும்பக் கொண்டுவர வழியே செய்யவில்லை. சூடு தாங்காமல் சில மணி நேரத்திலேயே இறந்துபோனாள் என்ற உண்மை 2002-ல்தான் வெளியே வந்தது. 1960 ஆகஸ்டில் போன பெல்கா, ஸ்திரெல்கா இருவரும் உயிரோடு திரும்பினார்கள். இவர்களும் பெண்கள். ஸ்திரெல்கா பிறகு ஆறு குட்டி போட்டாள். அதில் ஒன்றான ‘புஷின்கா’ 1961-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி வீட்டுக்குப் பரிசாகப் போனது. அந்த ஆராய்ச்சிக்குப் பெட்டை நாய்களாகவே தேர்ந்தெடுத்ததற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. சிறுநீர் கழிக்கக் காலைத் தூக்க இடம் வேண்டியதில்லை!

பெயருக்குக் கீழே எழுத வேண்டியவை

பெயர் வைத்ததும் ஒரு பழைய டைரியை எடுத்து முதல் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதுங்கள். கீழே நாலு விஷயம் போதும்.

குட்டி வந்த தேதி முதலாவது. குட்டி எட்டு வாரமாவது தாயோடு இருந்திருக்க வேண்டும், முப்பது நாளில் பிரித்து எடுத்து வராதீர்கள். அடுத்தது ஊசித் தேதி. மூன்று மாதத்தில் ரேபீஸ் ஊசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்கிறபடி இன்னொன்று, அப்புறம் வருஷம் ஒரு தடவை தவறாமல். மற்ற தடுப்பூசிகளும் பூச்சி மருந்தும் எப்போது என்று அவரே சொல்வார்.

மூன்றாவது முக்கியம். ஒவ்வொரு தடவை பருவம் வரும்போதும் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை வரும். ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்றால், பருவம் முடிந்து ஓரிரு மாதத்துக்குள் சில பெட்டை நாய்களுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும். சாப்பிடாது, சுருண்டு படுக்கும், குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். சில சமயம் கெட்ட நாற்றத்தோடு சீழ் வடியும், சில சமயம் வெளியே ஒன்றுமே தெரியாது. ஒரு வீட்டிலிருந்து என்னிடம் வந்தார்கள். “நாய் சாப்புட மாட்டேங்குது சார், சூடு புடிச்சிருக்கும், கத்தாழை குடுக்கலாமா?” பருவம் எப்போது வந்தது என்று கேட்டேன். கூட வந்திருந்த பத்தாம் வகுப்புப் பெண் தன் பள்ளி டைரியைப் புரட்டித் தேதியைச் சொன்னாள். ஐந்து வாரம் ஆகியிருந்தது. கற்றாழையும் வேண்டாம், மோரும் வேண்டாம், இப்போதே ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் போங்கள் என்று அனுப்பினேன். அன்றைக்கே ஆபரேஷன். பிழைத்துக்கொண்டது. அந்தப் பெண் குறித்து வைத்த ஒரு வரிதான் அதன் உயிர்.

கடைசியாக, கருத்தடை ஆபரேஷன் செய்த தேதி. குட்டி வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள். எந்த வயதில் செய்வது என்பதை மருத்துவர் நாயைப் பார்த்துச் சொல்லட்டும். செய்துவிட்டால் அந்தச் சீழ் வியாதியும் வராது, வாசலில் ஆண் நாய்க் கூட்டமும் வராது. ‘பெண் பாவம்’ என்று சில தாய்மார்கள் தயங்குகிறார்கள். வருஷத்துக்கு இரண்டு ஈற்றுக் குட்டியைச் சாக்கில் கட்டி ஆற்றங்கரையில் விடுவது எந்தக் கணக்கில் புண்ணியம்? உங்கள் தெருவிலேயே சுற்றுகிற நாய்க்கும் இது பொருந்தும். தெரு நாய்களுக்குக் கருத்தடையும் ரேபீஸ் ஊசியும் போட வேண்டியது உள்ளாட்சியின் கடமை என்று 2023-ல் வந்த மத்திய அரசு விதி சொல்கிறது. காது நுனியில் சின்னதாக வெட்டு இருந்தால் அந்த நாய்க்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். காது முழுசாக உள்ள பெட்டை நாய் உங்கள் தெருவில் இருந்தால் நாலு பேர் சேர்ந்து பேரூராட்சியில் மனுக் கொடுங்கள். மனுவில் ‘ஒரு நாய்’ என்று எழுதாமல், தெருப்பிள்ளைகள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ அதையும் நிறத்தையும் எழுதுங்கள். பிடிக்க வருகிறவர்களுக்கும் அடையாளம் சொல்லச் சௌகரியம், கூப்பிட்டால் வருவதற்கும் சௌகரியம்.

ஜூலை 6-ஆம் தேதி விலங்குகளிடமிருந்து மனிதர்களுக்குப் பரவும் நோய்கள் தினம். 1885-ல் அதே தேதியில்தான் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தன் தடுப்பூசியை முதன்முதலாகப் போட ஆரம்பித்தார். செப்டம்பர் 28 உலக ரேபீஸ் தினம். இந்த இரண்டு நாட்களையும் ஒட்டிப் பல கால்நடை மருந்தகங்களில் நாய்களுக்கு இலவசமாக ஊசி போடுகிறார்கள். உங்கள் ஊரில் என்றைக்கு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் நாய்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். கழுத்தில் கயிறும் வாய்க்கு ஒரு துணிக் கட்டும் இருக்கட்டும். அட்டை எழுதுகிறவர் முதலில் கேட்பது பெயரைத்தான். வரிசையில் நின்றுகொண்டு, “ரோசின்னு எழுதுங்க சார்”, “இல்ல சார், சுக்கின்னு எழுதுங்க” என்று அவர் முன்னால் தகராறு செய்யாமல், முதல் நாள் ராத்திரியே வீட்டில் பேசி முடித்துக்கொண்டு போங்கள்.